கட்டைவிரல் உயரப் போர்வீரனுக்கு வண்ணமும் படமும்

வெளிநாட்டு வீடியோக்களில் மினியேச்சர் என்கிற குட்டிப் போர்வீரன் பொம்மை மீது ஸ்ப்ரே பிரைமரை, அதாவது பெயின்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சை, அடித்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். புதுச்சேரியில், அதுவும் எங்கள் வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில், ஐப்பசி கார்த்திகையில் அப்படிச் செய்தால் பிரைமர் வெண்மையாகப் பூத்துப்போய், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். காற்றில் அவ்வளவு ஈரம். மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. பிரஷ்ஷால் பூசும் பிரைமர்தான். மெல்லிசாக இரண்டு பூச்சு, ராத்திரி முழுக்கக் காயட்டும்.

அதற்கு முன்பே அச்சுக்கோட்டை, அதாவது அச்சில் வார்த்தபோது பொம்மையில் விழுந்த மெல்லிய கோட்டை, கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள். ரெசின் பொம்மை என்றால் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை கழுவுவதும் அவசியம்.

அக்ரிலிக் பெயின்டை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், இரண்டு மூன்று பூச்சாக ஏற்றுங்கள். 28 மி.மீ. உருவத்தில் கெட்டியான பெயின்ட் மூக்கையும் உதட்டையும் ஒன்றாக்கிவிடும். அடிநிறம் காய்ந்ததும் வாஷ், அதாவது தண்ணியாக இருக்கும் அடர்நிறப் பெயின்ட். அது பள்ளங்களில் இறங்கி நிழலாகும். பிறகு பிரஷ்ஷில் இருக்கும் பெயின்டை டிஷ்யூவில் துடைத்து, மிச்சத்தை மேடுகளில் மட்டும் லேசாக உரசுங்கள். சங்கிலிக் கவசத்துக்கும் தாடிக்கும் இதுவே போதும். கண்ணுக்குள் கருவிழி வரைவதெல்லாம் அப்புறம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு கை தூரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கடைசியில் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத காப்புப் பூச்சு. அது இல்லாவிட்டால் வாஷ் போட்ட இடமெல்லாம் படத்தில் பளபளக்கும்.

படத்துக்குக் கேமரா வாங்க வேண்டாம், போனே போதும். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேசையைப் போடுங்கள். சாம்பல் நிறச் சார்ட் பேப்பரின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் இறக்குங்கள். வெள்ளைத் தாள் வைத்தால் போன் ஏமாந்து வீரனை இருட்டாக்கிவிடும். அப்போது கேமரா திரையைத் தொட்டுப் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்தினால் நிழல் பக்க முகமும் தெரியும். டியூப்லைட்டை அணையுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். ஃபேனையும் அணைக்கத்தான் வேண்டும், தாள் ஆடும். வியர்க்கும், வேறு வழியில்லை.

போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மூக்குத் தெளிவாக இருக்கும், பின்னாலிருக்கும் கேடயம் மங்கிவிடும். ஒரு முழம் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தி, முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, டைமரில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் உயரம் வீரனின் மார்பளவு இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் ஆள் குட்டையாகத் தெரிவான்.

வார்னிஷ் பூசுவதற்கு முன்பே இப்படி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெல்ட்டுக்குக் கீழே பெயின்ட் விட்டுப்போன இடமும், கையில் மிச்சமிருக்கும் அச்சுக்கோடும் அதில் அப்பட்டமாகத் தெரியும். அப்போதே தொட்டுச் சரிசெய்துவிடலாம்.