குழந்தையை ஜெயில் மனுவுக்குக் கூட்டிப் போகும் முன்

“அப்பா துபாய்ல வேலை பாக்கறார்” என்று நம்ப வைத்த பிள்ளையை மனுவுக்கு, அதாவது சிறையில் இருப்பவரை நேரில் பார்க்க, கூட்டிப் போக முடியாது. எழுத்துக்கூட்டத் தெரிந்தாலே வாசல் பலகையில் ‘மத்திய சிறை’ என்பதைப் படித்துவிடும். பெரும்பாலும் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் யாராவது போட்டு உடைத்திருப்பார்கள். அதனால் முதல் வேலை, உண்மையைச் சொல்வது. ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்: “அப்பா ஜெயில்ல இருக்கார். தப்பு செஞ்சாரான்னு கோர்ட்ல விசாரிக்கிறாங்க. நீ சேட்டை பண்ணதால இல்ல. உன்ன நான் பாத்துக்கறேன்.” எப்போது வருவார் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். ஜாமீன் தள்ளிப்போகும்போதெல்லாம் பொய் சொன்ன ஆளாக நிற்பது நீங்கள்தான். பத்து வயதுக்கு மேல் என்றால் என்ன வழக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். எப்படியும் செல்போனில் தேடிப் பார்த்துவிடும்.

வழக்கே குழந்தைக்கு எதிரான குற்றம் என்றால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவைக் கேட்காமல் கூட்டிப் போகவே வேண்டாம்.

முதல் மனுவுக்குப் பெரியவர்கள் மட்டும் போய் வாருங்கள். தண்டனைக் கைதிக்கு எந்த நாள், விசாரணைக் கைதிக்கு எந்த நாள், எத்தனை பேரை விடுவார்கள், கம்பி வலையா, கண்ணாடியும் இன்டர்காமுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சிறைச் சந்திப்புக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யும் இ-முலாகாத் தளத்தில் பதிவதானால், கைதியின் பெயரும் தகப்பன் பெயரும் சிறைப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டு வாசலில் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள்.

காத்திருப்பது மணிக்கணக்கு, பேசுவது சில நிமிடம். பிள்ளைக்குச் சாப்பாடு, கழிப்பறை எல்லாம் பெயர் கூப்பிடும் முன்பே முடிந்திருக்கட்டும். சோதனையில் பை, பாக்கெட் எல்லாம் பார்ப்பார்கள் என்றும், அப்பாவைத் தொட முடியாது என்றும் வீட்டிலேயே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு முன்னால் நின்று “தூக்குப்பா” என்று அழும்; மீதி நேரம் அதிலேயே போய்விடும். உள்ளே போனதும் ரிசீவரை முதலில் பிள்ளையிடம் கொடுங்கள். வக்கீல் பீஸ், வாய்தா, மாமியார் சண்டையெல்லாம் கடைசியில். இந்த வரிசை தலைகீழாகப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. இரைச்சலில் “நல்லா படிக்கிறியா?” என்று கேட்டால் தலையாட்டலோடு பேச்சு நின்றுவிடும். “கணக்கு டீச்சர் இன்னைக்கு என்ன நடத்தினாங்க?” என்று கேட்கும்படி உள்ளே இருப்பவருக்கு முந்தின கடிதத்திலேயே சொல்லுங்கள். கடிதத்தை அதிகாரிகள் படித்துத்தான் கொடுப்பார்கள். வழக்கு விஷயம் எழுதாதீர்கள், பிள்ளை வரைந்த படம் வையுங்கள்.

வீடு திரும்பியதும் இரண்டு மூன்று நாள் படுக்கையில் சிறுநீர் போவதும் அடம் பிடிப்பதும் உண்டு. அதற்காக அடுத்த மனுவை நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள்.

அம்மா உள்ளே இருந்தால் கைக்குழந்தை ஆறு வயது வரை கூடவே இருக்கலாம். உச்ச நீதிமன்றம் 2006-இல் உபாத்யாய் வழக்கில் வகுத்த நெறி இது. சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று பதியக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரிதான் வர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அதைச் சரிபாருங்கள். ஆறு வயது முடியும் வரை காத்திராமல், பிள்ளையை வளர்க்கப்போகும் பாட்டியோ சித்தியோ ஒரு வருடம் முன்பிருந்தே மனுவுக்கு வந்து முகம் பழக வேண்டும்.

பணத்துக்கு இரண்டு வழி. பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் என்றால் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் ரூ.2,000. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000; குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000-க்குள்ளும் நகரத்தில் ரூ.96,000-க்குள்ளும் இருக்க வேண்டும், முடிவு இந்த உதவிக்கான மாவட்ட ஒப்புதல் குழுவின் கையில். இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தண்டனைக் கைதிக்கு, பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பதும் 1982-ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சாதாரண விடுப்பு (சிறையிலிருந்து சில நாள் வெளியே போய்வர அனுமதி) கேட்கத் தகுந்த காரணம்தான். விசாரணைக் கைதிக்கு இது பொருந்தாது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தர நாளாகும். ஜூன் சேர்க்கைக்கு மே மாதம் விண்ணப்பம் கொடுத்தால் ஆகாது. மார்ச்சிலேயே, பள்ளி தந்த கடிதத்தோடு, சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுங்கள். எழுதித் தர ஆளில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். உதவி இலவசம்.