வேர்ட்பிரஸ் தளத்தின் ரகசியச் சாவிகளை மாற்றுவது எப்படி? சால்ட் ஷேக்கர் பிளகின் செய்முறை

வேர்ட்பிரஸில் தளம் நடத்துகிறவர்கள் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றுகிறார்கள், பிளகின்களை அப்டேட் செய்கிறார்கள். ஆனால் தளத்தின் அடிப்படை அமைப்புகள் எழுதியிருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) ஃபைலுக்குள் இருக்கும் எட்டு ரகசியச் சாவிகள், தளம் தொடங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் பெரும்பாலும் கிடக்கின்றன. அவற்றை மாற்ற கோடிங் எதுவும் தெரிய வேண்டாம். சால்ட் ஷேக்கர் என்ற இலவச பிளகின் போதும்.

சாவி என்ன வேலை செய்கிறது?

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். நீங்கள் லாகின் செய்ததும் வேர்ட்பிரஸ் உங்கள் பிரவுசரில் குக்கி என்ற சிறு அடையாளத் தகவலை வைக்கிறது. அதில் உங்கள் பயனர் பெயர், குக்கி காலாவதியாகும் நேரம், அந்த லாகினுக்கான டோக்கன் (தனி அடையாளக் குறியீடு), கடைசியாக ஒரு கையொப்பம் என நான்கு துண்டுகள் இருக்கும். அந்தக் கையொப்பத்தைக் கணக்கிடுவதில் ரகசியச் சாவிகளுக்கும் பங்கு உண்டு. அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது வேர்ட்பிரஸ் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை; கையொப்பம் சரியா என்று பார்க்கிறது. அலுவலக முத்திரையை மாற்றினால் பழைய முத்திரை குத்திய பாஸ் ஒன்றுகூட வாசலில் செல்லாது, இல்லையா? அதேபோல, சாவி மாறிய நொடியில் பழைய குக்கிகள் அத்தனையும் செல்லாமல் போகும்.

சாதாரணமாக அந்தக் குக்கி 2 நாள் செல்லும். 'என்னை நினைவில் கொள்' என்று டிக் செய்திருந்தால் 14 நாள். குக்கியைத் திருடியவருக்கும் அதே காலக்கெடுதான், பாஸ்வேர்டே தேவையில்லை. உங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் உங்கள் பழைய குக்கிகள் மட்டும்தான் சாகும். எல்லாப் பயனர்களையும் ஒரே அடியில் வெளியேற்ற வேண்டுமென்றால் சாவியைத்தான் மாற்ற வேண்டும்.

பயப்பட வேண்டாம்: யாருடைய பாஸ்வேர்டும் மாறாது, பதிவுகளும் படங்களும் அப்படியே இருக்கும். எல்லோரும் ஒருமுறை மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து பார்த்த ஒருவர் வேலையை முடித்துவிட்டுப் போனால் மாற்றுங்கள். தளம் ஹேக் ஆகியிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஹேக்கர் நுழைத்த தீய நிரல்களை முழுக்க அகற்றிவிட்டு, அப்புறம் சாவி. ஹேக்கர் மறுபடி நுழைய விட்டுச்சென்ற நிரல், அதாவது ஒரு பின்கதவு, உள்ளே மிச்சமிருந்தால் அது புதுச் சாவியையும் படித்துவிடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதே கான்ஃபிக் ஃபைலில்தான் எழுதியிருக்கிறது. ஃபைலை யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் சாவியோடு அதையும் மாற்றினால்தான் வேலை முழுமை.

வெளியூரில் யாருடைய கணினியிலோ லாகின் செய்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்றால் இத்தனை தேவையில்லை. உங்கள் புரொஃபைல் பக்கத்திலேயே மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் பட்டன் இருக்கிறது.

சரி, ஆரம்பிப்போம்.

முதல் படி: பேக்கப். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலை உங்கள் கணினிக்கு டவுன்லோடு செய்யுங்கள். சர்வரிலேயே பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்', 'பேக்' என்று சேர்த்து நகல் வைக்காதீர்கள். கடைசியில் பிஎச்பி என்ற நீட்டிப்பு இல்லாத நகலைப் பல சர்வர்கள் சாதாரண எழுத்துக் கோப்பாக யாருக்கு வேண்டுமானாலும் காட்டிவிடும்.

இரண்டாம் படி: அந்த நகலைத் திறந்து 'ஆத் கீ' (AUTH_KEY) என்று தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். நான்கு கீ, நான்கு சால்ட் என எட்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றிலும் அர்த்தமே இல்லாத 64 எழுத்துகளும் குறிகளும். முதல் வரியின் முதல் நாலைந்து எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சரிபார்க்க உதவும்.

மூன்றாம் படி: டேஷ்போர்டில் பிளகின் பகுதிக்குப் போய் சால்ட் ஷேக்கர் என்று தேடி, இன்ஸ்டால் செய்து ஆக்டிவேட் செய்யுங்கள். டூல்ஸ் மெனுவுக்குக் கீழே அதன் பக்கம் வந்து நிற்கும்.

நான்காம் படி: பட்டனை அழுத்தும் முன் ஒரு நிமிடம் நிதானியுங்கள். வேறு யாராவது பதிவு எழுதிக்கொண்டிருந்தால் சேமிக்கச் சொல்லுங்கள். வூகாமர்ஸ் பிளகின் மூலம் ஆன்லைன் கடை வைத்திருந்தால், லாகின் செய்யாத வாடிக்கையாளர்களின் கார்ட்டும் காலியாகிவிடும், கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். பிறகு உடனடி மாற்றத்துக்கான பட்டனை அழுத்துங்கள். நீங்களே வெளியேற்றப்பட்டு லாகின் பக்கம் வரும். அதுதான் வேலை நடந்ததற்கு அடையாளம். பழைய பாஸ்வேர்டைக் கொண்டே உள்ளே வாருங்கள். ஃபைல் மேனேஜரில் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, குறித்து வைத்த எழுத்துகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

எதுவுமே நடக்கவில்லையா? ஃபைல் எழுத முடியாதபடி 444 அல்லது 400 அனுமதியில் பூட்டியிருக்கலாம். ஃபைல் மேனேஜரில் அதை எழுத அனுமதிக்கும் 644 ஆக்கிவிட்டு மறுபடி முயன்று, முடிந்ததும் பழைய எண்ணுக்கே மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மாற்றத்துக்குப் பின் ஒரு சுற்று பாருங்கள். சில பிளகின்கள் தாங்கள் சேமிக்கும் ரகசியங்களை இந்தச் சாவிகளைக் கொண்டே பூட்டி வைக்கின்றன. கூகுளின் சேவைகளைத் தளத்தோடு இணைக்கும் சைட் கிட் பிளகின் அப்படித்தான், வழக்கமான அமைப்பில் அதை கூகுள் கணக்கோடு மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். மெயில் அனுப்பும் பிளகின் இருந்தால் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

தானாக மாற வைக்கலாமா?

தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போடவும் இந்தப் பிளகினில் வழி இருக்கிறது. தினசரி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் வெளியேற்றப்படுகிறவர்கள் சலித்துப்போய் எளிய பாஸ்வேர்டுக்கு மாறிவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து. பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு மூன்று மாதம் சரியான இடைவெளி. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் குறித்த வேலைகளை இயக்கும் வேர்ட்பிரஸின் கிரான் வசதி மூலம் அட்டவணை ஓடுவதால், வருகையாளர் குறைந்த தளத்தில் குறித்த நேரம் தள்ளிப்போகலாம்.

அட்டவணை போட்டால் கான்ஃபிக் ஃபைலை எழுதக்கூடிய நிலையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் எழுதும் சிறிய தளம் என்றால் எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. ஃபைலைப் பூட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கையால் மாற்றுங்கள். அந்த நிலையில் வேலை முடிந்ததும் பிளகினையும் டெலீட் செய்துவிடலாம், புதிய சாவிகள் ஃபைலிலேயே இருக்கும்.