சட்ட ஆய்விதழ்க் கட்டுரைகளைப் படிப்பதிலும் மேற்கோள் காட்டுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் இப்போது தீர்ப்பைத் தேடுவதற்கு முன்பே அதைப் பற்றிய ஆய்விதழ்க் கட்டுரையைத் தேடிப் படிக்கிறார்கள். வரவேற்க வேண்டிய பழக்கம்தான். ஆனால் கட்டுரையில் கண்ட ஒரு வாக்கியத்தை நடப்புச் சட்டமாகவே எடுத்துக்கொண்டு மனுவிலும் தேர்வுத்தாளிலும் செய்திக் கட்டுரையிலும் எழுதிவிடுவது பரவலாக நடக்கிறது. அதன் விலையைச் சில வேளைகளில் கட்சிக்காரர் கொடுக்க நேர்கிறது.

தவறுகளில் முதலாவது, சட்டம் இப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர் வாதிடும் இடத்தை, சட்டம் இப்படி இருக்கிறது என்று படித்துக்கொள்வது. ஜெர்மானிய அறிஞர் டீட்ரிஹ் கான்ராட் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்புகள் உண்டு என்று வாதிட்டார். அன்று அது ஓர் அறிஞரின் கருத்து மட்டுமே. 1967இல் கோலக்நாத் வழக்கில் மூத்த வழக்கறிஞர் எம். கே. நம்பியார் அந்தக் கருத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து தீர்ப்பளித்தபோது, நீதிபதி எச். ஆர். கன்னா கான்ராடை எடுத்தாண்டார். அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தால் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அந்தத் தீர்ப்பால்தான் சட்டமாயிற்று. நல்ல ஆய்வு சட்டமாக மாறும் வழி இவ்வளவு நீளமானது. எனவே கட்டுரையை வாசிக்கும்போது ‘வேண்டும்’, ‘பொருத்தமாக இருக்கும்’ என்று முடியும் வாக்கியங்களையும், தீர்ப்பையோ சட்டப் பிரிவையோ அடிக்குறிப்பில் காட்டி நிற்கும் வாக்கியங்களையும் தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தேதி. ஆய்விதழ் அட்டையில் உள்ள ஆண்டு, கட்டுரை எழுதப்பட்ட காலத்தைக் காட்டாது. எழுதி முடித்ததற்கும் அச்சேறுவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும். இது எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதற்கு ஆளுநர் வழக்கே போதும். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்து, ஆளுநரும் குடியரசுத் தலைவரும் முடிவெடுப்பதற்குக் கால வரம்பையும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் அரசமைப்பின் 143ஆவது உறுப்பின் கீழ் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கால வரம்பு விதிக்க முடியாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதற்கு இடமில்லை என்றும் கருத்துரைத்தது. விளக்கமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால் நீதிமன்றம் வரையறைக்குட்பட்டுத் தலையிடலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. இவ்விரு நாள்களுக்கும் இடையில் எழுதப்பட்ட கட்டுரை 2026ஆம் ஆண்டு இதழில் வெளிவந்தால், புதிதாகத் தோன்றினாலும் அதன் சட்ட நிலை பழையது. அதற்காக அதை ஒதுக்கிவிடுவதும் தவறு. 143ஆவது உறுப்பின் கீழ் தரப்படுவது கருத்துரை, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்பதால், ஏப்ரல் தீர்ப்பின் காரணங்களை அலசிய எழுத்துக்கு இன்னும் பயன் இருக்கிறது. குற்றவியல் கட்டுரைகளிலும் இதே கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், கொலைக்குத் தண்டனை கூறிய பழைய 302ஆவது பிரிவு இப்போது 103 ஆகிவிட்டது. எண் மட்டும் மாறியதா, சொற்களும் மாறினவா என்று இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் பழைய விளக்கத்தைப் புதிய பிரிவுக்குப் பொருத்தக் கூடாது.

தீர்ப்பைக் கட்டுரையாசிரியரின் கண்ணால் மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதுவே எனக்கு மிகவும் கவலை தருவது. 2017 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த புட்டசாமி தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக முடிவுசெய்தனர். ஆனால் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகளை எழுதினர். அவற்றுள் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது நீதிபதி சந்திரசூட் எழுதியது. அதில் இணைந்தவர்கள் அவரையும் சேர்த்து நான்கு பேர். ஒன்பதில் நான்கு பெரும்பான்மை ஆகாது. இருந்தும் அதைப் ‘பெரும்பான்மைத் தீர்ப்பு’ என்று ஒருவர் எழுத, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுத, அந்தப் பிழை வேரூன்றிவிடுகிறது. அரசின் தலையீட்டை எந்த அளவுகோலால் சோதிப்பது என்ற கேள்வியில் ஆறு தீர்ப்புரைகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதால், இதைச் சொல் பிழை என்று தள்ளிவிட முடியாது. எது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்பதே இதைப் பொறுத்தது. கட்டுரை சுட்டும் பத்தியைத் தீர்ப்பிலேயே திறந்து, எழுதியவர் யார், உடன்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

புள்ளிவிவரம் தரும் கட்டுரைகளில், முடிவைப் பார்ப்பதற்கு முன் தரவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சட்டத் தொகுப்புகளில் அச்சான தீர்ப்புகளை மட்டும் எண்ணியவர், கீழமை நீதிமன்றங்களில் நடப்பதைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல இயலாது. அங்கு பிறக்கும் உத்தரவுகளில் பெரும்பாலானவை அந்தத் தொகுப்புகளை எட்டுவதே இல்லை. ஆனால் கேள்விக்கு ஏற்பவே இந்தக் குறையை எடைபோட வேண்டும். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்தான, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதன் பிறகும் பயன்படுத்தப்பட்டு வந்ததை 2018இல் ஓர் ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. இப்படி நடக்கிறது என்று நிறுவச் சில வழக்குகளே போதும். எத்தனை விழுக்காடு என்று சொல்லத்தான் முழுத் தரவு வேண்டும். அந்த ஆய்வின் துணையோடு மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தீர்ப்பின் நகலை எல்லா மாவட்ட நீதிமன்றங்களுக்கும் காவல்துறைத் தலைவர்களுக்கும் அனுப்பச் செய்யுமாறு 2019இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதழின் பெயரைக் கண்டு மயங்குவதும் கூடாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சட்ட இதழ்கள் பெரும்பாலும் மாணவர்களாலேயே தொகுக்கப்படுகின்றன. நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் இதழ்கள் பலவும் அப்படியே. அது குறையல்ல என்றாலும், துறை வல்லுநர்கள் மதிப்பிட்ட கட்டுரை என்று தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), தான் ஏற்ற ஆய்விதழ்களைக் கொண்ட கேர் பட்டியலை 2025இல் கைவிட்ட பிறகு, இதழின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களின் மீதும் ஆய்வாளர்கள் மீதும் வந்து சேர்ந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் மேற்கோளைச் சரிபார்க்காமல் எடுப்பதை மன்னிக்கவே முடியாது. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இல்லாத ஆய்விதழ்க் கட்டுரைகளையும் இத்தகைய செயலிகள் அதே வழியில் உருவாக்குகின்றன. உண்மையான ஆசிரியரின் பெயர், உண்மையான இதழின் பெயர், நம்பத்தக்க தொகுதி எண் எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. ஆகவே இதழின் சொந்தத் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து கட்டுரையைக் கண்ட பிறகே அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். அச்சாவதற்கு முன்பே கட்டுரைகளை இணையத்தில் பகிரும் எஸ்எஸ்ஆர்என் போன்ற தளத்திலிருந்து முன்வரைவைப் படித்திருந்தால் அதையும், அதன் தேதியையும் குறிப்பிட வேண்டும். அச்சான வடிவத்தில் பக்க எண்கள் மாறியிருக்கும், சில நேரங்களில் ஆசிரியரின் முடிவே மாறியிருக்கும்.