இடம் இருக்கிறதே என்று மருந்தை நிரப்பாதீர்கள்

1847-இல் துப்பாக்கி தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்த வாக்கர் ரிவால்வரின் சுழலும் சிலிண்டரில், ஒவ்வோர் அறையிலும் 60 கிரெய்ன் கருமருந்து பிடிக்கும். ஏறக்குறைய 4 கிராம். துப்பாக்கியின் எடையே இரண்டு கிலோ. களத்துக்குப் போன வாக்கர்களில் பலவற்றின் சிலிண்டர் வெடித்தது. அந்தக் காலத்து இரும்பு அவ்வளவுதான், போதாக்குறைக்கு அறையை விளிம்புவரை நிரப்பினார்கள், கூம்புக் குண்டைத் தலைகீழாகச் செருகியவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு வந்த டிராகூன் மாடலில் கோல்ட் சிலிண்டரையே குட்டையாக்கி, அளவை 50 கிரெய்னுக்கு இறக்கிவிட்டார்.

இந்த வகை ரிவால்வரில் தோட்டா கிடையாது. மருந்து, ஈயக்குண்டு, பின்னால் பொறி தரும் செப்புக் கேப் (நம் தீபாவளிப் பொட்டுவெடிக்குத் தாத்தா) மூன்றையும் நாமே தனித்தனியாக வைக்க வேண்டும். தவறுக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

1860 ஆர்மி, 1858 ரெமிங்டன் ஆகிய பழைய ரிவால்வர் மாடல்களின் இன்றைய இத்தாலிய நகல்களில் 35 கிரெய்ன்வரை திணிக்கலாம். திணிக்கலாம் என்பதற்காகத் திணிக்க வேண்டாம். காகித இலக்குக்கு 20 முதல் 25 தாராளம். 30 போட்டாலே 9 கிராம் குண்டு நொடிக்கு 250 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும். அதற்கு மேல் போடும் மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியேதான் எரிகிறது; கிடைப்பது உதைப்பும் புகையும், குறி சிதறுவதும். துப்பாக்கியின் உடற்சட்டம் (ஃபிரேம்) பித்தளையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கனமான லோடு பித்தளையை மெல்ல மெல்ல இழுத்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டிவிடும். செய்தவரின் கையேடு என்ன சொல்கிறதோ அதற்கு மேல் போக வேண்டாம்.

சரி, குறைவாகப் போட்டால்? குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று நிற்கக் கூடாது. அழுத்தும் நெம்புகோல் எட்டாத அளவுக்கு மருந்து குறைந்தால், மேலே சோளமாவோ ரவையோ போட்டு இடத்தை நிரப்புவார்கள். உப்புமா ரவையைத்தான் சொல்கிறேன். துப்பாக்கிப் பேச்சில் ரவை என்றால் குண்டு என்றும் பொருள், அதனால் இந்தச் சொல் குழப்பும்.

மருந்தை அளப்பது கொள்ளளவில். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கருமருந்தைவிட லேசானவை. அவற்றைத் தராசில் 30 கிரெய்ன் நிறுத்தால் அறைக்குள் போவது அதிக மருந்து. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம். துப்பாக்கி கையிலேயே சிதறும். சுட்ட கையோடு மருந்துக் குடுவையிலிருந்து நேராக அறைக்குள் கொட்டுவதும் ஆபத்துதான். உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் குடுவை முழுதும் கையில் வெடிக்கும். சின்ன அளவுக்குழலில் எடுத்து ஊற்றுங்கள்.

.44 ரிவால்வருக்குக் குண்டு 0.451 அல்லது 0.454 அங்குலம். அறையின் விட்டத்தைவிட ஒரு துளி பெரிது. அழுத்தும்போது விளிம்பில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வர வேண்டும். வளையம் வரவில்லையா, குண்டு சிறிது என்று பொருள். அப்படிப்பட்ட குண்டு உதைப்பில் முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சிக்க வைக்கும். ஓரத்தில் நெருப்பு நுழைந்தால் பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கும். இந்தச் சங்கிலி வெடிப்பு முன்னால் தொடங்குகிறதா, தளர்ந்த கேப் விழுந்து பின்னால் தொடங்குகிறதா என்பது தீராத வாக்குவாதம். இரண்டையும் அடைத்துவிட்டால் வாக்குவாதம் எதற்கு? குண்டின் மேல் கிரீஸ் தடவுங்கள், அல்லது அடியில் எண்ணெய் ஊறிய கம்பளி வட்டு வையுங்கள். கேப்பும் இறுக்கமாக உட்காரும் அளவில் இருக்கட்டும்.

கோல்ட் ரிவால்வர்கள் 25 கஜத்தில் பெரும்பாலும் குறிக்கு மேலே சுடும். அது முன்குறி குட்டையாக இருப்பதால். மருந்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யப் பார்த்து நாளை வீணாக்க வேண்டாம். குறியைத் தாழ்த்திப் பிடித்துப் பழகினால் போதும்.

அப்புறம் கழுவுதல். கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடக்கழிவாக மிஞ்சும். அது ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல், எல்லா அறையும் காலியா என்று பார்த்துவிட்டு, அன்று மாலையே சிலிண்டரைச் சோப்பு போட்ட வெந்நீரில் முக்குங்கள். முதல் தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள்.