புன்டா கானாவில் பகி ஓட்டம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பெப்ரவரியில் பனி அள்ளிக் களைத்த ரொறன்ரோக் குடும்பங்கள் டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்குக் கிளம்புவது நம்மவர்களிடையே இப்போது சாதாரணம். நேரடி விமானம் என்றால் நாலரை மணி நேரம் அளவில் போய் இறங்கிவிடலாம். கையில் ஹோட்டல் பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் சாப்பிடுவதும் கடலில் கிடப்பதுமாகப் போகும். நாலாம் நாள் காலை யாராவது ஒருவர், "பகி ஓடப் போவோமா?" என்று தொடங்குவார். எங்கள் வீட்டில் தொடங்கியது மச்சான்.

இதுவரை இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பதினான்கு வண்டிகள் போன வரிசையில் என்னுடையது கடைசிக்கு முந்தியது. மூன்று மணி நேரம் புழுதியைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை வழிகாட்டிக்கு நேர் பின்னால் போனோம். அதே பாதை, அதே மாதிரி வண்டி. ஆனால் அந்தத் தடவைதான் மேய்ச்சல் நிலமும் மாடுகளும் வேலியோரம் நின்று கைகாட்டிய பிள்ளைகளும் கண்ணில் பட்டன. ஆகவே கீழே இருப்பதில் எதை மறந்தாலும் வரிசையைப் பற்றிய பகுதியை மறக்காதீர்கள்.

முதலில், பகி என்றால் எது?

நாலு சக்கரம், கார் மாதிரி ஸ்டியரிங், இரண்டு பெடல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, மேலே தலையைக் காக்க இரும்புக் குழாய்க் கூண்டு. கதவும் கண்ணாடியும் பெரும்பாலும் இருக்காது. குதிரையில் ஏறுவதுபோல் கால் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவது வேறு, அது குவாட். விளம்பரங்களில் இரண்டையும் கலந்து போட்டிருப்பார்கள். முதல் தடவை என்றால் பகியையே கேளுங்கள். இருக்கைப் பட்டியும் கூண்டும் இருப்பதால் வண்டி சரிந்தாலும் ஆள் உள்ளேயே இருப்பார். குவாட் கவிழ்ந்தால் அது உங்கள் மேல்தான் விழும்.

படி 1: காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

விலை ஆளுக்கா, வண்டிக்கா என்பதுதான் முதல் கேள்வி. இருவர் பகிர்ந்து போகும் விலையை ஆளுக்கு என்று போட்டுவிட்டு, தனியாகப் போகிறவரிடம் கூடுதலாகக் கேட்பது வழக்கம். அடுத்தது, வண்டிக்குச் சேதம் வந்தால் யார் கட்டுவது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது. சில இடங்களில் இதைக் காலையில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொல்வார்கள். அப்போது பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுவிட்டு நிற்பார்கள். உங்களால் மாட்டேன் என்று திரும்ப முடியாது.

ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் கேட்பார்களா, எத்தனை வயதிலிருந்து பிள்ளைகளை ஏற்றுவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். கர்ப்பிணிகளும் முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும் போகவே வேண்டாம். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் இடுப்பு கணக்கு வைத்துக்கொள்ளும்.

காலையா மாலையா என்று கேட்டால் காலைதான். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை குறைந்த காலம், அதனால் புழுதி. மழை பெய்த மறுநாள் போனால் சேறு. என் கணக்கில் சேறுதான் நல்லது, அது மூக்குக்குள் போகாது.

படி 2: காப்புறுதி

இதைப் பலர் தாண்டிப்போகிறார்கள். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கு நாளொன்றுக்குக் கொடுப்பது அதிகபட்சம் 400 டொலர். உடைந்த தோள்பட்டைக்கு அது எங்கே காணும்? பயணக் காப்புறுதி எடுத்திருந்தாலும், பாதையில்லா இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவதை அதில் விலக்கி வைத்திருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கிளம்பும் முன் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, "பகி ஓடினால் செல்லுமா?" என்று நேரே கேளுங்கள்.

படி 3: உடுப்பு

பழசு, கடும் நிறம். வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனால் அது திரும்பி வெள்ளையாகாது. உள்ளே நீச்சலுடை, ஏனென்றால் குகைத் தண்ணீரிலும் கடலிலும் இறங்கலாம். காலுக்குக் குதியைப் பிடிக்கும் சப்பாத்து. பாட்டா செருப்பு பெடலில் மாட்டும். கண்ணுக்குச் சுற்றிவர மூடிய கண்ணாடி. வாய்க்கும் மூக்குக்கும் கட்டப் பெரிய லேஞ்சி ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அங்கேயும் விற்பார்கள், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், அந்த நேரத்துக்குரிய விலையில்.

கைபேசிக்கு ஸிப் வைத்த பிளாஸ்டிக் பை. மாற்று உடுப்பும் துவாயும் தனிப் பையில். டொலர் நோட்டுகள் சின்னதாக: ஒன்று, ஐந்து. எல்லாரும் அமெரிக்க டொலர் வாங்குவார்கள், மிச்சம்தான் அந்த நாட்டுப் பேசோவில் வரும். தாலிக்கொடி, மோதிரம், நல்ல கைக்கடிகாரம் எல்லாம் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

படி 4: ஏற்றிப்போகும் நேரம்

டொமினிக்கன் குடியரசில் கோடை, குளிர் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் குளிர்காலத்தில் அவர்கள் ரொறன்ரோவைவிட ஒரு மணி நேரம் முன்னால். கைபேசி தானாக மாறிவிடும். மாமாவின் கைக்கடிகாரம் மாறாது. எங்கள் முதல் பயணத்தில் மாமா ஆறுதலாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்களை ஏற்றிப்போக வந்த லொறி வெளியே ஹோர்ன் அடித்தது.

வரவேற்புக் கூடம் இரண்டுள்ள ஹோட்டல்களும் உண்டு. எந்த வாசல் என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

படி 5: வரிசையில் உங்கள் இடம்

பகிகள் நிற்கும் தளத்தில் இறக்கிவிட்டதும் பத்து நிமிடம் குழப்பமாக இருக்கும். கையெழுத்துப் போடும் தாள், ஹெல்மெட் கூடை, படம் எடுக்கிறவர்கள். எல்லாரும் வண்டியின் நிறத்தைப் பார்த்து ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். வழிகாட்டி எந்த வண்டியில் ஏறுகிறார் என்று பாருங்கள். அவரிடம் போய், "நான் புதிது, உங்களுக்குப் பின்னால் வரலாமா?" என்று கேளுங்கள். "ப்ரிமேரா வெஸ்" என்றால் ஸ்பானிய மொழியில் முதல் தடவை. அந்த இரண்டு சொல் போதும். புதியவர்கள் கண்ணில் படும் தூரத்தில் இருப்பது அவருக்கும் வசதி, பெரும்பாலும் சம்மதிப்பார்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பயந்தவர்கள் பின்னால் போனால் மெதுவாக வரலாம் என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். முன்னால் ஒருவர் சேற்றுக் குழியில் வேகம் குறைத்தால், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் குறைப்பார், அதற்குப் பின்னால் வருபவர் நிற்பார். முன்னவர்கள் குழியைத் தாண்டி வேகமெடுத்துப் போய்விடுவார்கள். கடைசி வண்டிக்காரர் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, விட்ட தூரத்தைப் பிடிக்கப் பாய வேண்டும். அதுவும் முன்னால் போன பதின்மூன்று வண்டிகளின் புழுதிக்குள், பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல். முன்னால் இருப்பவர்தான் உண்மையில் மெதுவாக, ஒரே சீராகப் போகிறார்.

முன் இடம் கிடைக்கவில்லையா? சரி, இடைவெளியைப் பிடியுங்கள். முன் வண்டியின் சக்கரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். புழுதியில் சக்கரம் மறைந்தால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். சந்திகளில் வழிகாட்டிகளில் ஒருவர் நின்று வழி காட்டுவார், தொலைந்துபோக மாட்டீர்கள்.

படி 6: ஓட்டுவது

கிளச் கிடையாது. ஸ்கூட்டியில் இருப்பதுபோல் ஒரு பெல்ட் தானாகவே வேகத்தை மாற்றிக்கொள்ளும். கியர்க் கம்பில் பொதுவாக எச், எல், என், ஆர் என்று இருக்கும்: சாதாரண ஓட்டத்துக்கு எச், ஏற்றத்துக்கும் ஆழச் சேற்றுக்கும் எல், நடுநிலைக்கு என், பின்னால் போக ஆர். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் கம்பை அசைக்க வேண்டும்.

ஏறியதும் பட்டியைப் போட்டு, மூச்சு விட்டு, மறுபடி இறுக்குங்கள். முதல் ஐம்பது மீற்றரில் பிறேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பாருங்கள். கார் மாதிரி மெல்லத் தொட்டால் பிடிக்காது, நன்றாக மிதிக்க வேண்டும். பிறேக் தரை வரை போனால் அங்கேயே நிறுத்தி வேறு வண்டி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறேக்கும் அக்சிலரேட்டரும் ஒரே காலால்தான். இரண்டு காலால் இரண்டையும் மிதித்தால் பெல்ட் சூடாகி நாறும், பிறகு அறும்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது பெருவிரலை வளையத்துக்கு உள்ளே கொக்கி போடாதீர்கள். முன் சக்கரம் கல்லில் பட்டால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், விரல் மாட்டினால் முறியும். திருப்பத்துக்கு முன்னால் நேர்ப் பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் திரும்புங்கள்; திரும்பிக்கொண்டே பிறேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கும். தண்ணீர்க் குழி வந்தால் வழிகாட்டி போன தடத்திலேயே போங்கள். ஓரமாகப் போனால் நனையாது என்று நினைத்து ஓரத்தில் போன மச்சானை, கயிறு கட்டித்தான் இழுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: வண்டி சரிவதுபோல் இருந்தால் கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்க்கக் கூடாது. நம் உடம்பு தானாக அதைத்தான் செய்யும். ஆகவே முன்கூட்டியே பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்: சரிந்தால் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கையும் மற்றவர் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பாதையின் சில துண்டுகள் ஊர்த் தார்வீதி. அங்கே கனடா மாதிரி வலப்பக்கம்தான் ஓட்டம். ஆனால் மோட்டார் சைக்கிள்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், ஒன்றில் மூன்று பேர் இருப்பார்கள். வீடுகளுக்கு முன்னால் மெதுவாகப் போங்கள். நமக்கு ஒருநாள் விளையாட்டு, அவர்களுக்கு அது தினமும் வாசலில் எழும் புழுதி.

படி 7: நிறுத்தங்கள்

வரிசை மாறலாம், ஆனால் பொதுவாக மூன்று இடம்.

ஒன்று, கிராமத்து வீடோ தோட்டமோ. கொக்கோக் காயை வெட்டிக் காட்டுவார்கள். கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை வாயில் போட்டுச் சூப்பிப் பாருங்கள், மங்குஸ்தானை நினைவூட்டும் இனிப்பும் புளிப்பும். கடித்துவிடாதீர்கள், பச்சைக் கொட்டை கசக்கும். புளிக்க வைத்து, காயப்போட்டு, வறுத்த பிறகுதான் அது சாக்லேட் வாசம் தரும். கோப்பியும் உண்டு. மாமாஹுவானா என்று ஒரு போத்தல் நீட்டுவார்கள்: மரப்பட்டைகளும் வேர்களும் ஊறிய ரம், சிவப்பு வைன், தேன். ஓட்டுகிறவர் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எவ்வளவு உபசரித்தாலும். பக்கத்தில் இருப்பவர் குடிக்கட்டும்.

கசாபே கிடைத்தால் கட்டாயம் சாப்பிடுங்கள். மரவள்ளியைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து, கல்லில் சுட்ட தட்டு ரொட்டி. கொலம்பஸ் வரும் முன் இந்தத் தீவில் இருந்த தைனோ மக்களின் சாப்பாடு இது. 2024இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. நம் வீட்டுக் கறியாகிவிட்ட மரவள்ளி அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு என்பதை அங்கே நின்று நினைத்தபோது வேடிக்கையாக இருந்தது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று அம்மா சொல்வதை அவர்களுக்குச் சொல்ல ஆசை, என் ஸ்பானியம் அவ்வளவு தூரம் போகவில்லை.

இரண்டாவது, குகைத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை விழுந்த பள்ளத்தில் நிலத்தடி நீர். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறும் இதே கதைதான். படிகள் வழுக்கும், கைபிடித்து இறங்குங்கள். உடம்பில் வெயில் கிறீம் பூசியிருந்தால் இறங்கும் முன் கழுவிவிடுங்கள், அந்தத் தண்ணீர் எங்கும் ஓடிப்போவதில்லை.

மூன்றாவது, மக்காவோ கடற்கரை. ஹோட்டல் கடல் மாதிரி அமைதியானதல்ல, அலை அடித்து இழுக்கும், சறுக்குப் பலகைக்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். முழங்கால் தண்ணீர் போதும். தோளில் கிளியையோ குரங்கையோ ஏற்றிப் படம் எடுக்க வருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மிருகத்துக்காகவும் உங்கள் டொலருக்காகவும்.

படி 8: திரும்பி வந்து

தளத்தில் உங்கள் படங்களைத் திரையில் ஓடவிட்டு விற்பார்கள். பிடித்தால் வாங்குங்கள், பேரம் பேசலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை அவர் கையிலேயே கொடுங்கள்.

அறைக்கு வந்ததும் உடுப்போடு குளியலறைக்குள் போய் நில்லுங்கள். காதுக்குள் இருந்து மறுநாளும் மண் வரும். சப்பாத்தை மட்டும் அன்றைக்கே கழுவ வேண்டும். மண் ஒட்டிய சப்பாத்தோடு கனடாவுக்குள் வர விடமாட்டார்கள், பண்ணைக்குப் போனீர்களா என்ற கேள்வியும் வரும். ஹோட்டலில் கொடுக்கும் பல்துலக்கும் பிரஷால் அடிப்பக்க வெட்டுகளைத் தேய்த்து, பல்கனியில் வெயிலில் வையுங்கள். ஒரு பகலில் காய்ந்துவிடும்.