இன்டேக் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை பட்டறைக்கு ஒரு தம்பி காரோடு வந்தான். பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் (இன்டேக் என்பது அதுதான்) பளபளவென்று அலுமினியப் பைப், நுனியில் சிவப்புக் கூம்பு ஃபில்டர். "மாத்தினதுல இருந்து சும்மா பறக்குதுங்ணா. என்ன, அந்த எஞ்சின் லைட்டுதான் எரியுது. அதை மட்டும் அணைச்சு விட்டுருங்க" என்றான்.

பல வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை நான் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். அவரும் அணைத்து விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கிளாம்பை இறுக்கு, தூசி புகாமல் பார் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கிட் வந்த டப்பாவிலேயே போட்டிருக்கும்.

பைப்பை மாற்றிவிட்டு, லைட்டை அணைப்பது

ஏர்ஃப்ளோ சென்சாருக்குள் சூடான ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. போகிற காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்துத்தான் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ காற்றை அளக்கிறது. ஆனால் சென்சார் தொட்டுப் பார்ப்பது பைப்பின் நடுவில் போகும் கொஞ்சம் காற்றைத்தான். மீதியெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு ஒரிஜினல் பைப்பின் உள்விட்டத்துக்குப் போட்டது.

70 மி.மீ. பைப்பை எடுத்துவிட்டு 76 மி.மீ. பைப்பில் அதே சென்சாரைச் சொருகுகிறோம். கூடியது 6 மி.மீ.தானே என்று தோன்றும். பரப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடிவிட்டது. அதே அளவு காற்று இப்போது மெதுவாகப் போகும். இசியூவோ 15 சதவீதம் குறைவாக எண்ணிக்கொண்டு பெட்ரோலையும் குறைத்துவிடும். சென்சாருக்கு முன்னாலேயே ஒரு வளைவு இருந்தால் காற்று சுழன்று இன்னும் குழப்பும்.

சாதாரணமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடிக்கும். இசியூ கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைக் கூட்டி, அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று வருவது அதுதான். தம்பியின் காரில் அது ஐடிலில் +19 சதவீதம், 3,000 ஆர்பிஎம்மில் +21 சதவீதம். ஸ்கேனர் காட்டிய எரர் கோட் பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஐடிலில் மட்டும் எகிறி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் இறங்கியிருந்தால் எங்கோ காற்றுக் கசிவு என்று தேடியிருப்பேன். இரண்டு இடத்திலும் அப்படியே நின்றால் சென்சார் கணக்கே தப்பு.

இப்போது லைட்டை அணைத்தால்? பெரும்பாலான கார்களில் அந்த எரர் கோட் அழியும்போது கற்றுவைத்த திருத்தமும் சேர்ந்து அழியும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சையும் பல இசியூக்கள் கேட்பதில்லை. 12.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று கிடைக்க வேண்டிய கலவை 14.7 பக்கம் போய்விடும். போதாததற்கு, காற்று குறைவு, லோடும் குறைவு என்று நம்பி, ஸ்பார்க் அடிக்கும் நேரத்தையும் (இக்னிஷன் டைமிங்) முன்தள்ளும்.

என் காரில் அதுதான் நடந்தது. லைட்டை அணைத்த மறுநாள், சித்திரை வெயில், நான்கு பேர், நீண்ட மேடு. தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போலச் சத்தம். நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தது. அது பிஸ்டனிலிருந்து வந்தது. செலவு 62,000 ரூபாய்.

பெரிய பைப்தான் வேண்டுமென்றால், சென்சார் உட்காரும் துண்டாவது ஒரிஜினல் உள்விட்டத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் ரீமேப்பில், அதாவது இசியூவின் புரோகிராமை மாற்றும்போது, சென்சார் கணக்கின் டேபிளைத் திருத்தி, கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டி, ஓட்டும்போது பதிவு எடுத்துப் பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

சூடான காற்று

கம்பெனிக்காரன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்றை எடுப்பது அழகுக்கு இல்லை. திறந்த ஃபில்டர் டிராஃபிக்கில் எஞ்சினின் அனலையே உறிஞ்சும். இசியூ டைமிங்கைப் பின்னிழுக்கும். கூடினது சத்தம், நாம் அதைப் பிக்கப் என்கிறோம்.

பிரீதர் ஹோஸ்

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய் இது. சென்சாரைத் தாண்டிய பக்கம் அது சேரும் வாயைத் திறந்து விடாதீர்கள். அளக்காத காற்று உள்ளே போகும்.

எண்ணெய் தடவும் ஏர் ஃபில்டர்

எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவி, நன்றாக ஊறவிட்டு மாட்டுங்கள். மிச்ச எண்ணெய் சென்சார் கம்பியில் போய் ஒட்டும்.

மழை

பம்பருக்குள் ஃபில்டர் தொங்கினால், தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

தம்பியின் காருக்குப் பழைய ஏர் பாக்ஸையே மாட்டி, அதற்கப்புறம் லைட்டை அணைத்தேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்தான். ட்ரிம் +2. "வண்டி நல்லாத்தானுங்ணா இருக்கு, சத்தந்தான் போயிருச்சு" என்றான். அலுமினியப் பைப் இன்னும் பின்சீட்டில்தான் கிடந்தது.