விசிறியில் சிக்கிய துணி

லண்டனில் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையில், வாடகைக்கு எடுத்த நேரோபோட் என்னும் ஒடுங்கிய நீள்படகில், லிட்டில் வெனிஸ் என்னும் பகுதியை நோக்கிச் சென்றோம். நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுப்பூட்டு ஒன்றுகூட இல்லாத வழி என்பதால் சற்று அலட்சியமாகவே இருந்தேன். சவுத்தாலைக் கடந்ததும் சுக்கான் பிடி கையில் அதிரத் தொடங்கியது. எஞ்சின் உறுமிக் கரும்புகை கக்கியதே தவிர, படகு நகரவில்லை.

நீருக்கடியில் சுழன்று படகை உந்தும் விசிறியில் ஏதோ சிக்கியிருந்தது. பாசியோ இலைதழையோ என்றால் சிறிது பின்னோக்கி இயக்கினாலே உதிர்ந்துவிடும். இம்முறை உதிரவில்லை. ஆகவே படகைக் கரையில் முளையடித்துக் கட்டி, எஞ்சினை நிறுத்தி, யாரும் தவறுதலாக முடுக்கிவிடாதபடி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு, பின்தளத்தின் அடியில் விசிறிக்கு நேர் மேலே இருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, கையுறையுடன் நீருக்குள் துழாவினேன். விசிறியின் தண்டைச் சுற்றி இறுகியிருந்தது, ஜரிகை வைத்த பழைய சேலை! ரொட்டி வெட்டும் பல்கத்தியால் அதைத் துண்டு துண்டாக அறுத்தெடுக்க முக்கால் மணி நேரமானது.

கால்வாய் நீரால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஆதலால் கையில் கீறல் இருந்தால் அதை மூடிக்கொண்டே இறங்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த மூடி. அது சரியாக இறுகாவிட்டால், சுழலும் விசிறி நீரை உள்ளே தள்ளிப் படகையே மூழ்கடித்துவிடும். நான் திருகை முழுவதும் இறுக்கி, படகைக் கட்டியபடியே விசிறியைச் சில நிமிடங்கள் சுழலவிட்டு, ஓரங்களில் நீர் கசியவில்லை என்று கண்டபின்னரே கயிற்றை அவிழ்த்தேன்.